பாத்திரத்தின் இனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? திருகோணமலை மேசைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, சேர்ந்து கதை நடத்துகிற மேசை விளையாட்டு. அதை விளையாட வருகிற புதியவர்கள் அதிக நேரம் தடுமாறுவது இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான். வாள்வீரனா மந்திரவாதியா என்று கேட்டால் உடனே சொல்லிவிடுகிறார்கள். எல்ஃபா (கூர்க்காதும் நீண்ட ஆயுளும் கொண்ட இனம்) ட்வார்ஃபா (கட்டையான, உறுதியான உடல் கொண்ட இனம்) என்று கேட்டதும் போனை எடுத்துத் தேடத் தொடங்குகிறார்கள். திருகோணமலையில் எங்கள் மேசைக்கு உயர்தர மாணவர்கள் வருகிறார்கள், வேலை முடிந்து நேரே வருகிறவர்களும் உண்டு, மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பாத்திரத்துக்கு எந்த இனம் உறவையும் பகையையும் கதையையும் கொண்டுவருமோ, அதை எடுங்கள். எண்களைப் பார்த்து இனம் எடுக்க வேண்டிய தேவை இப்போது இல்லை.

இனம் என்பது என்ன? கிளாஸ் வேறு, இனம் வேறா?

ஆம், வேறு. கிளாஸ் உங்கள் பாத்திரம் கற்றுக்கொண்ட தொழில்: ஃபைட்டர் (வாள்வீரர்), விஸார்ட் (மந்திரவாதி), கிளெரிக் (தெய்வத்தின் சக்தியால் மந்திரம் செய்கிறவர்), ரோக் (கள்ளர்) என்று போகும். இனம் அது பிறந்த உடல்: இருட்டில் கண் தெரியுமா, எத்தனை ஆண்டு வாழும், நஞ்சைத் தாங்குமா, எவ்வளவு உயரம் என்பதெல்லாம் இதில் வரும். மூன்றாவதாகப் பின்னணி ஒன்று உண்டு. அது வளர்ந்த சூழல்: கோயிலில் வளர்ந்ததா, கடலோடியா, படையில் இருந்ததா என்பது.

இந்தப் பிரிவு ஆரம்பத்தில் இருந்தே இப்படி இருக்கவில்லை. விளையாட்டு 1974இல் வெளிவந்தது. 1981இல் வந்த பேசிக் பதிப்பில் எல்ஃப், ட்வார்ஃப், ஹாஃப்லிங் (சின்ன உருவ மனிதர் போன்ற இனம்) ஆகியவை தனிக் கிளாஸாகவே இருந்தன. எல்ஃப் என்றால் வாளும் மந்திரமும் தெரிந்த ஒரே வகை ஆள்தான். எல்ஃப் ரோக் என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்று எந்த இனமும் எந்தக் கிளாஸையும் எடுக்கலாம். இந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தாமல் விடாதீர்கள்.

எந்தப் பதிப்பின் விதிகள்? புத்தகம் வாங்கத்தான் வேண்டுமா?

5ஆம் பதிப்புதான். அதில் 2014இல் வந்த புத்தகமும், 2024இல் திருத்தி வந்த புத்தகமும் இருக்கின்றன. எங்கள் மேசையில் 2024 விதிகள். யாராவது பழைய புத்தகத்தில் உள்ள இனத்தைக் கேட்டால் அதையும் சேர்த்துக்கொள்கிறோம்.

புத்தகம் வாங்க வேண்டாம். அடிப்படை விதித் தொகுப்பு 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2025இல் புதிய விதிகளுக்கும் அதே உரிமத்தில் தொகுப்பு வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், அச்செடுக்கலாம், போட்டோக்கொப்பி எடுக்கலாம், பகிரலாம். இனங்களைப் பற்றிய சில பக்கங்களை மட்டும் அச்செடுத்து ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டால் மேசையில் போனைத் தேடும் வேலை இருக்காது.

2014 புத்தகத்தில் ஒன்பது இனங்கள்: மனிதர், எல்ஃப், ட்வார்ஃப், ஹாஃப்லிங், நோம் (இதுவும் சின்ன உருவம்தான்), டிராகன்போர்ன் (டிராகன் போன்ற உடல்), டீஃப்லிங் (கொம்பும் வாலும் உள்ளவர்), அரை எல்ஃப், அரை ஓர்க் (பாதி மனிதர், பாதி ஓர்க் என்ற முரட்டு உடல் இனம்). 2024இல் பத்து. இரண்டு அரை இனங்களும் போய், ஓர்க், கோலியாத் (இராட்சதர் வழி வந்தவர்), ஆசிமார் (மேலுலகத்தின் அம்சம் உள்ளவர்) வந்தன.

எது மிகவும் வலிமையான இனம்?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன்.

2014 விதிகளில் ஒவ்வோர் இனத்துக்கும், பலம், சுறுசுறுப்பு போன்ற திறன் எண்களில் நிலையான கூட்டல் இருந்தது. எல்ஃபுக்குச் சுறுசுறுப்பில் +2, ட்வார்ஃபுக்கு உடல் உறுதியில் +2, அரை ஓர்க்குக்குப் பலத்தில் +2. அதனால்தான் “விஸார்டுக்கு நோம், வில்லாளிக்கு எல்ஃப்” என்ற பட்டியல்கள் இணையம் முழுக்கப் பரவின. 2020இல் வந்த ஒரு துணைப் புத்தகம் இந்தக் கூட்டலை விரும்பிய இடத்துக்கு மாற்றிக்கொள்ள அனுமதித்தது. 2024இல் கூட்டல் இனத்தை விட்டே போய்விட்டது. இப்போது அது பின்னணியில் இருந்து வருகிறது. நீங்கள் வாசிக்கிற பட்டியல்களில் பெரும்பாலானவை பழைய கணக்கில் எழுதப்பட்டவை.

பழைய விதிகளில் விளையாடினாலும் அந்தக் கூட்டல் எவ்வளவு தரும் என்று கணக்குப் பாருங்கள். ஒரு திறன் எண் 15இல் இருந்து 17 ஆனால், பகடையோடு சேர்க்கிற எண் ஒன்றால் கூடும். இருபது முகப் பகடையில் ஒன்று என்றால் நூற்றுக்கு ஐந்து. இருபது தடவை உருட்டினால் ஏறக்குறைய ஒரு தடவை மட்டும் தோல்வி வெற்றியாக மாறும். அந்த ஒரு தடவைக்காக, பிடிக்காத ஒரு பாத்திரத்தோடு மாதக்கணக்கில் இருக்க வேண்டுமா?

இனத்தின் தனித் திறன்கள் வேறு விஷயம். அவை நடக்கிற கதையையே மாற்றும். ஹாஃப்லிங் பகடையில் 1 விழுந்தால் திரும்ப உருட்டலாம். மற்றவருக்கு இருபதில் ஒரு தடவை வருகிற அந்த மோசமான 1, ஹாஃப்லிங்குக்கு நானூறில் ஒரு தடவைதான் நிலைக்கும். ஓர்க், உயிர்ப்புள்ளி (அடி வாங்கும்போது குறைகிற எண்) பூச்சியத்துக்கு விழும் நேரத்தில், ஒரு நாளைக்கு ஒருமுறை, ஒரு புள்ளியோடு நிமிர்ந்து நிற்கலாம். அப்படி ஓர் ஓர்க் எழுந்து நின்ற சண்டையை எங்கள் மேசைக்காரர் இன்னும் கதைக்கிறார்கள். +2 எங்கே போனது என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

முதல் தடவை விளையாடுகிறேன். எதை எடுப்பது?

மனிதரை எடுங்கள். “மனிதர் என்றால் சலிப்பு” என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். 2024 விதிகளில் மனிதருக்கு மேலதிகமாக ஒரு திறமை, மேலதிகமாக ஒரு தொடக்கச் சிறப்பு, நீண்ட ஓய்வு முடிந்ததும் ஒரு பகடையைத் திரும்ப உருட்டும் வாய்ப்பு எல்லாம் கிடைக்கின்றன. நினைவில் வைக்க வேண்டிய விசித்திர விதிகளும் குறைவு.

உங்கள் பயம் செத்துப்போவதைப் பற்றியது என்றால் ட்வார்ஃப். ஒவ்வொரு நிலைக்கும் (பாத்திரம் அனுபவத்தோடு ஏறுகிற படி) ஓர் உயிர்ப்புள்ளி கூடும், நஞ்சு அவ்வளவாக ஏறாது. முதல் நிலை விஸார்டுகள் ஓர் அம்புக்கே விழுகிறவர்கள். ட்வார்ஃப் விஸார்ட் இரண்டாவது அம்பையும் பார்ப்பார்.

இருட்டில் பார்க்கும் திறன் இல்லாவிட்டால் சிரமமா?

நினைக்கிற அளவுக்கு இல்லை. முழு இருட்டு, அந்தத் திறன் உள்ளவருக்கும் மங்கல் வெளிச்சமாகத்தான் தெரியும். மங்கலில் கண்ணால் தேடுகிற உருட்டல்களுக்குப் பாதகம் (இரண்டு தடவை உருட்டிக் குறைந்த எண்ணை எடுப்பது) உண்டு, நிறமும் தெரியாது. ஒளிந்திருக்கிற பொறியைக் காண வேண்டும் என்றால் எல்லோருக்கும் பந்தம் தேவை. 2024 விதிகளில் மனிதர், ஹாஃப்லிங், கோலியாத் ஆகியோருக்கு இந்தத் திறன் இல்லை. குழுவில் ஒருவர் பந்தம் பிடித்தால் போதும். அது இருபது அடிக்கு நல்ல வெளிச்சமும் அதற்கு அப்பால் இன்னும் இருபது அடிக்கு மங்கலும் தரும்.

எல்ஃப் 750 ஆண்டு வாழுமாம். அதை எப்படி நடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எல்ஃப் எடுக்கிற பலர் கூர்க்காதையும் வில்லையும் எடுத்துக்கொண்டு, ஆயுளை மறந்துவிடுகிறார்கள். அந்த இனத்தின் உயிரே ஆயுளில்தான் இருக்கிறது.

நம் ஊரை வைத்துப் பாருங்கள். 1500ஆம் ஆண்டில் திருகோணமலையில் ஓர் எல்ஃப் பிறந்தது என்று வைப்போம். சுவாமி மலையில் பழைய கோணேசர் கோயிலின் தீபங்களைப் பார்த்து அது வளர்ந்திருக்கும். 1624இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டியபோது அதற்கு வயது 124. எல்ஃப் கணக்கில் இப்போதுதான் வளர்ந்த ஆள். 1660இல் கொட்டியாரக் குடாவில் ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் கண்டி அரசரின் ஆட்களிடம் பிடிபட்டதை அது கரையில் நின்று பார்த்திருக்கலாம். ஒல்லாந்தர் வந்துபோனார்கள். 1795இல் ஆங்கிலேயர் துறைமுகத்தைப் பிடித்தபோது அதற்கு 295. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது 442. 2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தபோது 504. இன்றும் அது உயிரோடு இருக்கும், இன்னும் இருநூறு ஆண்டுக்கு மேல் மிச்சம்.

அந்த எல்ஃப் இன்று கோட்டைக்குள் நடந்து, மான்கள் மேய்கிற இடத்தைத் தாண்டி, இப்போதைய கோயிலுக்குப் போனால் எதைப் பார்க்கும்? கோட்டைச் சுவரில் எந்தக் கல் எந்தத் தூணில் இருந்தது என்று அதற்குத் தெரியும். பூசாரியின் பாட்டனின் பாட்டனைத் தெரியும். அதோடு பழகிய மனிதர் எல்லோரும் செத்துவிட்டார்கள். புதிதாக ஒருவரோடு நட்பாகும்போதே அவரையும் இழக்கப் போகிறோம் என்று அதற்குத் தெரியும். அது அவசரப்படுமா? அரசர் ஒருவர் “என்றென்றைக்கும்” என்று வாக்குக் கொடுத்தால் அதை நம்புமா?

இந்தக் கேள்விகளுக்கு உங்கள் பாத்திரம் பதில் சொல்லத் தொடங்கினால் எல்ஃப் பிடிபட்டுவிடும். விதியில் இருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எல்ஃப் நித்திரை கொள்வதில்லை, நான்கு மணி நேரம் தியானம் போல இருந்தால் போதும். குழு தூங்குகிற இரவில் மிச்ச நேரம் அது என்ன செய்கிறது என்று ஒருநாள் மேசையில் சொல்லிப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத்தில் டிராகன்போர்ன் இருக்கிறார்கள். 2014 புத்தகத்தின்படி பதினைந்து வயதில் வளர்ந்துவிடுகிறார்கள், எண்பது வரைதான் வாழ்வு. எல்ஃபும் டிராகன்போர்னும் ஒரே குழுவில் இருந்தால் அவர்களுக்குள்ளேயே பாதிக் கதை வந்துவிடும்.

டீஃப்லிங் எடுக்க ஆசை. கொம்பும் வாலும் வைத்த படத்தைப் பார்த்து அம்மா பேசுகிறா.

அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து விளக்குங்கள். டீஃப்லிங்கின் முன்னோர் யாரோ கீழுலகத்தோடு தொடர்பு வைத்ததால் அதன் உடலில் அந்த அடையாளம் வந்தது. அதன் குணத்துக்கும் அந்த அடையாளத்துக்கும் தொடர்பில்லை. செய்யாத குற்றத்துக்கு முகத்தில் அடையாளம் சுமக்கிற ஒருவர் எப்படி வாழ்வார் என்பதே அதன் கதை. முடிந்தால் அம்மாவை ஒருநாள் மேசைக்கு அழைத்து வாருங்கள். பிளேன்டீ குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தால் இது என்ன என்று தெரிந்துவிடும்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டீஃப்லிங் எடுத்தால் ஊர் வாசலில் காவலர் நிறுத்துவதும், கடைக்காரர் முகம் சுளிப்பதும் கதையில் வரலாம். அது வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. சோதனைச்சாவடியில் நின்று வளர்ந்த ஒருவர் விளையாட்டிலும் அப்படி நிற்க விரும்பாமல் இருக்கலாம். வேறொருவர் அதே காட்சியில் இம்முறை தான் திருப்பிப் பேச வேண்டும் என்று விரும்பலாம். இரண்டும் நியாயம்தான். கதையை நடத்துகிற டிஎம்மிடம் முன்கூட்டியே சொன்னால் அதற்கேற்ப நடத்துவார்.

ஓர்க், ட்ரோ (நிலத்தடியில் வாழும் எல்ஃப்) எல்லாம் பிறவியிலேயே கெட்டவர்கள் தானே? கேள்வி கேட்காமல் வெட்டலாமா?

எங்கள் மேசையில் முடியாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பழைய புத்தகங்கள் அப்படித்தான் எழுதின. ஓர்க் என்றால் கொள்ளை, ட்ரோ என்றால் வஞ்சகம், கண்டால் கொல்லு. விளையாட்டை உருவாக்கும் நிறுவனமே படிப்படியாக அதை விட்டுவிட்டது. 2024 புத்தகத்தில் ஓர்க் என்பது விளையாடுகிறவர்கள் எடுக்கக்கூடிய சாதாரண இனம். குணம் பற்றிய பிறவித் தீர்ப்பு எதுவும் அங்கே இல்லை.

ஆனால் என் காரணம் புத்தகம் அல்ல. திருகோணமலையில் ஒரு மேசையைச் சுற்றி ஆறு பேர் இருந்தால் அவர்களில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இருக்கக்கூடும். ஒருவர் பெயரைச் சொன்னதும் எந்த ஊர், எந்தப் பக்கம் என்று மனதுக்குள் கணித்துப் பழகிய ஊர் இது. “அவர்கள் எல்லோரும் அப்படித்தான்” என்ற ஒரு வசனத்தால் எத்தனை வீடுகள் எரிந்தன என்று எங்கள் பெற்றோருக்குத் தெரியும். சனிக்கிழமை பின்னேரம் ஒன்றாகச் சிரித்து விளையாட வந்த இடத்தில், பகடையை உருட்டியபடி அதே வசனத்தைப் பிள்ளைகள் பழகுவதை நான் விரும்பவில்லை.

எதிரி இல்லாமல் கதை நடக்காதே என்று கேட்பீர்கள். எதிரி தாராளமாக இருக்கலாம். வரி கட்டாத கிராமத்தை எரிக்கிற ஒரு தளபதி, பிள்ளைகளைக் கடத்துகிற ஒரு கூட்டம், சாகப் பயந்து ஊரையே பலி கொடுக்கிற மந்திரவாதி. அவர் ஓர்க்காகவும் இருக்கலாம், எல்ஃபாகவும் இருக்கலாம். அவர் ஏன் எதிரி என்பதற்குச் செய்த செயல் ஒன்று இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சண்டையும் இன்னும் சூடாக இருக்கும், ஏனென்றால் அவரை வெல்ல வேண்டும் என்று வீரர்கள் உண்மையாகவே விரும்புவார்கள்.

அரை எல்ஃப் 2024 புத்தகத்தில் இல்லையே. எடுக்கலாமா?

எடுக்கலாம். பழைய புத்தகத்தின் அரை எல்ஃப் திறன்களை வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சொன்ன திறன் எண் கூட்டலை மட்டும் விட்டுவிடுங்கள். கூட்டல் பின்னணியில் இருந்து வரும். புதிய புத்தகமே சொல்கிற வழி இதுதான். இரண்டு வீட்டிலும் உறவு, இரண்டு வீட்டிலும் கேள்வி என்று வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இந்த இனத்தைத்தான் தேடி எடுக்கிறார்கள்.

சின்ன உருவ இனம் பெரிய ஆயுதம் தூக்கலாமா?

2014 விதிகளில் கனமான ஆயுதங்களை ஹாஃப்லிங்கும் நோமும் பாதகத்தோடுதான் பயன்படுத்த முடியும். 2024இல் உருவம் பார்ப்பதில்லை. கைச்சண்டை ஆயுதமானால் பலம் 13 இருந்தால் போதும்.

நம் கதைகளில் வருகிற நாகர், இயக்கர், அரக்கர் போன்றவர்களை எடுக்கலாமா?

எடுங்கள், எடுக்க வேண்டும்! புதிதாக விதி எழுதத் தேவையில்லை. இருக்கிற ஓர் இனத்தின் விதிகளை அப்படியே வைத்து, பெயரையும் தோற்றத்தையும் வரலாற்றையும் மாற்றினால் சரி.

நாகருக்கு டிராகன்போர்ன் பொருந்தும். பச்சை டிராகன் வம்சத்தை எடுத்தால் மூச்சாக நஞ்சு வரும், நஞ்சைத் தாங்கும் சக்தியும் வரும். மணிமேகலையில் மணிபல்லவத் தீவின் பீடத்துக்காக நாக அரசர் இருவர் சண்டையிடுகிறார்கள். அந்தச் சண்டையில் ஒரு பக்கத்தில் பிறந்த நாகர் என்று தொடங்கினால் முதல் நாளிலேயே உங்களுக்கு ஒரு பகை, ஓர் உரிமை, திரும்பிப் போக ஒரு தீவு எல்லாம் கிடைத்துவிடும்.

அரக்கருக்குக் கோலியாத். பெரும் பாரம் தூக்கலாம், ஐந்தாம் நிலையில் உருவத்தையே பெரிதாக்கலாம். இந்த ஊரில் இராவணனைப் பொல்லாதவன் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சுவாமி மலையில் உள்ள பிளவை இராவணன் வெட்டு என்கிறோம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைத் தாயின் கிரியைகளுக்காக அவன் உண்டாக்கினான் என்பது ஊர்க்கதை. தாய்க்காக மலையை அசைக்கிற ஒரு வம்சத்தில் பிறந்த அரக்கப் பெண் கிளெரிக் எங்கள் மேசையில் இருக்கிறாள். அவளை ஆடுகிற தங்கச்சிக்குக் கன்னியாக் கதையை அம்மம்மா சொல்லிக்கொடுத்தாராம்.

ஓர் எல்லை மட்டும். இன்றும் மக்கள் கும்பிடுகிற தெய்வங்களைப் பாத்திரமாகவோ எதிரியாகவோ கொண்டுவருவதில்லை. இது எல்லாச் சமயத்துக்கும் பொதுவான விதி.

இரண்டு பேர் ஒரே இனத்தை எடுக்கலாமா?

ஏன் கூடாது? அக்கா தம்பியாக வாருங்கள், ஒரே சுரங்கத்தில் வேலை செய்த இரண்டு ட்வார்ஃபாக வாருங்கள். குழுவே ஹாஃப்லிங்காக இருந்தாலும் சரிதான்.

விளையாடிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் மாற்றலாமா?

மூன்றாம் நிலை வரை எங்கள் மேசையில் கேள்வியில்லாமல் மாற்றலாம். பெயரும் நட்புகளும் அப்படியே இருக்கும், விதிகளை மட்டும் மாற்றி எழுதுவோம். அதற்குப் பிறகு கதைக்குள் ஒரு காரணம் தேட வேண்டும், அதையும் சேர்ந்து தேடலாம்.

முதல் நாள் வரும்போது என்ன முடிவு செய்து வர வேண்டும்?

திறன் எண்கள் வேண்டாம், அவற்றை மேசையில் சேர்ந்து போடுவோம். இனத்தின் பெயரோடு மூன்று பதில்களை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். உங்கள் பாத்திரத்தை வளர்த்தவர் யார், அவர் அதே இனமா? தன் மக்களிடம் பாத்திரத்துக்குப் பிடிக்காத ஒரு வழக்கம் எது? வேற்றினத்தில் அது நம்புகிற ஒருவர் யார்? மூன்றாவதுக்குப் பதில் கிடைக்காவிட்டால் வெறுமையாக விட்டு வாருங்கள். பக்கத்தில் வந்து இருக்கிறவரின் பாத்திரத்தை அந்த இடத்தில் எழுதிக்கொள்ளலாம்.